அந்தி விளக்கில் ஐந்து நூல்கள்

முதுமையில் பொழுது மிகுதி, கண்ணொளி குறைவு. பணி ஓய்வு பெற்ற பின் நாள் முழுவதும் நம் கையில் இருப்பதாகத் தோன்றும். ஆயினும் காலை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம், மாலை விளக்கேற்றுமுன் ஒரு மணி நேரம், அதற்கு மேல் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்தச் சிறு நேரத்தை எந்த நூலுக்குக் கொடுப்பது என்பது வயது முதிர்ந்த அன்பர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் வினா.

“இனித் தேவாரம், திருவாசகம், பிரபந்தம், பாகவதம் ஆகியவை போதும், கதையும் கட்டுரையும் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. நித்திய பாராயணத்துக்குரிய நேரத்தை வேறு எந்த நூலும் கவர்ந்துகொள்ளக் கூடாது என்பதில் அடியேனுக்கும் ஐயமில்லை. பாராயணம் முடிந்த பிறகு எஞ்சும் நேரத்தைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

அந்த நேரத்துக்குரிய நூலைத் தேர்ந்தெடுக்க நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். திருக்கோயிலை வலம் வந்து கொடிமரத்தடியில் விழுந்து வணங்கி எழும்போது, ‘நான்’ என்பது சற்றே சுருங்கியிருக்க வேண்டும்; பிறர் துன்பம் சற்றே பெரிதாகத் தெரிய வேண்டும். இதே மாற்றத்தை ஒரு நூல் நம்முள் உண்டாக்குமாயின், அது தோத்திர நூலாக இல்லாவிடினும் பூஜையறைக்கு அருகில் வைக்கத் தக்கதே. சென்ற கார்த்திகை தொடங்கி இன்று வரை படித்தவற்றுள், வகையால் வேறுபட்ட ஐந்து நூல்களை இவ்வளவுகோலால் அளந்து பார்த்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கல்லில் உள்ள பெயர்கள்

முதலாவது வரலாற்று நூல். குடவாயில் பாலசுப்ரமணியன் எழுதிய ‘இராஜராஜேச்சரம்’. தஞ்சைப் பெரிய கோயிலைக் காணாதவர் நம்மில் அரியர். விமானத்தை அண்ணாந்து பார்க்கிறோம், பெருவுடையாரைத் தொழுகிறோம், நந்தியின் முன் நின்று வியக்கிறோம். ஆனால் அதிட்டானத்தைச் சுற்றிலும் நிறைந்துள்ள கல்வெட்டு வரிகளை எத்தனை பேர் நின்று நோக்கியிருப்போம்?

தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவைப் பிராட்டியார் கொடுத்தவற்றையும், மற்றையோர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுக என்று மாமன்னர் ஆணையிட்டார். அதன்படி பொன்னும் மணியும் மட்டுமா வெட்டப்பட்டன? பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகள் ஒவ்வொருவரின் பெயரும், அவர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவருக்கு உரியது என்பதும் அங்கே இருக்கின்றன. தையற்காரர், தச்சர், குயவர், வண்ணத்தார், நாவிதர் ஆகியோருக்கும் அவ்வரிகளில் இடம் உண்டு. பணி செய்வார் இறந்துபட்டால் அவருடைய உறவினருள் தகுதியுடையார் அப்பணியை ஏற்றுப் பங்கைப் பெறுக என்றும் விதி செய்யப்பட்டுள்ளது.

ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாறு ஆடு பெற்றவர்களின் பெயர்களையும் கல்லில் காணலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் ஆயர் கறந்த பாலில் எரிந்த விளக்கொளியில் பெருவுடையார் திருமுகத்தைக் கண்டவர்கள் நம் முன்னோர்.

இத்தகைய நூல் விரைந்து படிப்பதற்கு உரியதன்று. பட்டியல்களும் அளவைப் பெயர்களும் சில இடங்களில் களைப்பைத் தரும். நாளுக்கு நான்கைந்து பக்கம் போதும். ஆனால் இதைப் படித்தபின் எந்தக் கோயிலுக்குச் சென்றாலும், பிராகாரத்தைப் பெருக்கும் அம்மையாரின் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றும். மாமன்னர் கல்லில் எழுதி வைத்த மரியாதையை நாம் வாய்ச்சொல்லாலாவது தர வேண்டாமா?

ஏடு தேடிய பெரியவர்

இரண்டாவது, மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஆசிரியர் 1942-ஆம் ஆண்டு மறைந்தமையால் 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. முற்றுப்பெறாத நூல் என்ற குறை உண்டு. எனினும், முற்றுப்பெற்ற பல வாழ்க்கை வரலாறுகளைவிட மனநிறைவு தருவது இதுவே.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்கு உரியவர். நெற்றி நிறையத் திருநீறு அணிந்தவர். அத்தகையவர் 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று தாம் கற்றவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்கிறார். முதலியாரோ அவற்றால் என்ன பயன் என்று கேட்டு, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவுகிறார். அவ்வினாவே ஒரு வாழ்வின் திசையை மாற்றியது.

சிந்தாமணி சமண காவியம். அதன் பொருளை அறியச் சைவப் புலவர் சமண அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று, தமக்குத் தெரியாதவற்றை மாணவரைப் போலக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-ஆம் ஆண்டு அந்நூல் அச்சேறியது. தம் சமயத்தில் அவருக்கிருந்த பற்று எள்ளளவும் குறையவில்லை. பிற சமயத்தார் போற்றி வைத்த நூலுக்கு அவர் தந்த மதிப்பும் குறையவில்லை. ஆழ வேரூன்றிய மரமே நிழலை அகலப் பரப்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இந்நூலில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி ஒன்று உண்டு. சுவடிகளைத் தேடிக் கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலுக்குச் செல்கிறார் ஐயர். பழைய ஏடுகளெல்லாம் ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டுவிட்டன என்ற விடையே கிடைக்கிறது. செய்தவர்கள் தீயவர் அல்லர், பக்தி மிக்கவர்களே. ஆனால் ஏட்டில் என்ன இருக்கிறது என்று அவர்கள் அறிந்தாரில்லை. அறியாமல் செய்யும் பக்தியும் சில வேளைகளில் அழிவு செய்யும் என்று இவ்வளவு அமைதியான குரலில் சொன்ன நூல் வேறொன்றை நான் கண்டதில்லை.

ஆற்றோடு ஒரு பயணம்

மூன்றாவது பயண நூல். சிட்டியும் தி.ஜானகிராமனும் இணைந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலிருந்து பெயரைப் பெற்ற நூல். குடகில் தலைக்காவேரியில் பிறந்து பூம்புகாரில் கடலோடு கலக்கும் வரை அன்னையின் வழியைப் பின்பற்றுகிறது.

துலா மாதத்தில் காவிரி நீராடியவர்கள் நாம். ஆற்றில் நீர் வரவில்லை என்றால் வருந்துகிறோம், வந்துவிட்டால் மறந்துவிடுகிறோம். ஆனால் அந்நீர் நம் படித்துறைக்கு வருமுன் எத்தனை மலைகளைச் சுற்றி, எத்தனை ஊர்களை ஊட்டி, எத்தனை மொழிகளைக் கேட்டு வருகிறது! சீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கன், சிவசமுத்திரத்தில் மத்தியரங்கன், திருவரங்கத்தில் அந்தியரங்கன் என அரவணைத் துயிலும் பெருமானை மூன்று இடங்களில் சூழ்ந்து ஓடுபவள் அவள். நம் ஊர் ஆறு என்று நாம் சொல்வதைப் போலவே குடகரும் கன்னடரும் அவளைத் தம் தாய் என்று வணங்குகின்றனர்.

தலபுராணங்களை எதிர்பார்த்து இந்நூலைத் திறப்பவர்க்குச் சிறிது ஏமாற்றம் நேரலாம். ஆசிரியர்கள் பக்தர்களாக மட்டும் பயணம் செய்யவில்லை. நகைச்சுவையும் சங்கீத ரசனையும் வழியில் காணும் மனிதர்களோடு உரையாடும் ஆவலும் அவர்களிடம் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. முழங்கால் வலியால் வெளியூர்ப் பயணத்தை விட்டுவிட்ட அன்பர்களுக்கு, சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யும் தீர்த்த யாத்திரை இது.

பொய்த் தெய்வங்களின் கதை

நான்காவது, க.நா.சுப்ரமண்யத்தின் ‘பொய்த்தேவு’ என்னும் நாவல். 1946-ஆம் ஆண்டு வெளிவந்தது. மணிவாசகப் பெருமான் திருக்கோத்தும்பியில் ஆண்ட சொல்லே தலைப்பாயிற்று என்பதை அன்பர்கள் உடனே உணர்வர்.

சாத்தனூரில் ஏழையாகப் பிறந்த சோமு என்னும் சிறுவனைக் கோயில் மணியோசை ஈர்க்கிறது. அவன் வளர்கிறான்; வணிகம் செய்கிறான்; பெருஞ்செல்வராகிச் சோமு முதலியார் என்று பெயர் பெறுகிறான். ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனும் ஒன்று அவனுக்குத் தெய்வமாகிறது. பணம் ஒரு தெய்வம். புகழ் ஒரு தெய்வம். இன்பம் ஒரு தெய்வம். ஒவ்வொன்றும் கைக்கு வந்ததும் பொய்த்துப் போகிறது. இறுதியில் எல்லாவற்றையும் துறந்து பண்டாரமாக வழிநடை கொள்கிறான்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. செல்வம் சேர்ந்த கதையைச் சொல்வதில் உள்ள நிதானம் துறவைச் சொல்வதில் இல்லை. மனம் எப்படித் திரும்பியது என்பதை இன்னும் அருகிலிருந்து காண விரும்பினேன். ஆயினும் நூலை மூடியபின் ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்தது. நாம் அன்றாடம் கோயிலில் கைகூப்பும்போது எதை வேண்டுகிறோம்? மகனுக்குப் பதவி உயர்வு, பேத்திக்கு வரன், வீட்டு வழக்கில் வெற்றி. வேண்டுவது தவறன்று. ஆனால் வேண்டப்படும் பொருளே தெய்வமாகி, கருவறையில் இருப்பவர் அதைக் கொடுக்கும் கணக்கராகி விடுகிறாரோ? உபதேச நூல் இதைக் கேட்டிருந்தால் தலையசைத்துவிட்டுக் கடந்திருப்போம். ஒரு மனிதனின் கதை கேட்கும்போது கடக்க முடியவில்லை.

சீதைக்காக நின்ற மனம்

ஐந்தாவது, மூதறிஞர் ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. 1958-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. வான்மீகியைப் பின்பற்றி எழுதிச் செல்பவர், இடையிடையே கம்பர் எங்கே வேறுபடுகிறார் என்று நின்று காட்டுகிறார். சிறுவருக்கும் விளங்கும் எளிய நடை.

இதை நம்மில் பலர் இளமையில் படித்திருப்போம். முதுமையில் மீண்டும் படிக்க வேண்டும் என்பேன். இளமையில் வில்லை முறித்ததும் கடலைத் தாண்டியதும் கண்ணில் நிற்கும். முதுமையில் தசரதர் நிற்கிறார். பிள்ளையைப் பிரிந்து, கண்ணொளி மங்கிக் கிடக்கும் அந்தத் தந்தையின் இரவு, பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இல்லங்களில் இன்று புதிய பொருள் தருகிறது.

நூலின் முடிவுரையில் ராஜாஜி ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறார். பட்டாபிஷேகத்தோடு கதையை நிறுத்துகிறார். சீதாபிராட்டியை மீண்டும் காட்டுக்கு அனுப்பும் உத்தரகாண்டத்தைத் தம் மனம் ஏற்கவில்லை என்கிறார். நம் பெண்கள் படும் துயரத்தோடு அதை இணைத்துப் பார்க்கிறார். இராமபக்தியில் திளைத்தவர், ஒரு பெண்ணின் கண்ணீர் முன் தயங்கி நிற்கிறார். அத்தயக்கத்தை ஏற்காத பெரியோரும் உண்டு. ஆனால் அது பக்தியின் குறைவன்று, அதன் கனிவு என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டு மருமகளின் கண்ணீர் நம்மை எப்போதாவது அப்படி நிறுத்தியதுண்டா என்று எண்ணிப் பார்க்கச் செய்தால், அந்நூல் தன் பணியைச் செய்துவிட்டது.

யாருக்குக் கொடுப்பது?

ஐந்தையும் அளந்தாயிற்று. ஐந்துமே பூஜையறைக்கு அருகில் இருக்கத் தகுந்தவை என்பதே என் முடிவு. எஞ்சியிருப்பது ஒரு கவலை.

நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் இந்நூல்கள் நமக்குப் பின் என்ன ஆகும்? கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகள் ஓமத் தீயில் போயின. நம் நூல்கள் பழைய காகிதக் கடையின் தராசில் போகும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை; உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் சொன்னால்தானே அவர்கள் அறிவார்கள்?

ஆகவே இரண்டு செயல்களைச் செய்யலாம். ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதைப் படிக்கக் கூடிய ஒருவரை நினைத்து, நம் கையாலேயே இப்போதே கொடுத்துவிடுவது. கொடுக்கும்போது ஏன் கொடுக்கிறோம் என்பதை முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதித் தருவது. மற்றொன்று, வாய்விட்டுப் படிப்பது. பல்லவர் காலத்துக் கூரம் செப்பேட்டில், மண்டபத்தில் அமர்ந்து பாரதம் வாசிப்பவருக்கென்று நிலத்தில் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேட்பவர் எழுத்தறியாதவராயினும் கதையை அறிந்திருக்க வேண்டும் என்று அரசர் எண்ணினார். இன்று எழுத்தறிந்தும் கண்ணொளி இழந்த முதியவர் தெருவுக்கு ஒருவரேனும் இருக்கிறார். கண்ணாடி போட்டாவது படிக்க இயல்பவர், மாலை வழிபாடு முடிந்ததும் அவர் அருகில் அமர்ந்து பத்துப் பக்கம் படிக்கலாம். பேரக்குழந்தை பக்கத்தில் இருந்தால் அதன் காதிலும் நான்கு சொல் விழும்.

கண்ணில் ஒளி இருக்கும்வரை படிப்போம். குரலில் வலு இருக்கும்வரை பிறருக்குப் படித்துக் காட்டுவோம். அதுவும் இறைவன் திருமுன் வைக்கும் ஒரு விளக்கே.