பாலமூரிலிருந்து வந்த மென்னோனைட்

மைசூர் விஜயநகர் நாலாவது ஸ்டேஜில் நாங்கள் குடிவந்தபோது தெருவில் பாதி மனைகள் காலி. கடைசியில் எதிர்மனை ஒன்றுதான் பாக்கியிருந்தது. போன வருஷம் அதிலும் கட்டடம் எழும்பியது. வேலைக்கு வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கின. பாலமூர் ஆட்கள். தெலங்கானாவின் மகபூப்நகருக்குப் பாலமூர் என்பது பழைய பெயர். அணை, கால்வாய், சாலை என்று எங்கே மண்வேலை நடந்தாலும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போன வறண்ட சீமை அது.

எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வரும் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைப் புடவை உடுத்தி, கையில் துணி உறை போட்ட பைபிளோடு நின்றிருந்தார். அருகில் தெலுங்கு ஆராதனை நடக்கும் ஒரு வாடகை ஹாலுக்குப் போகிறாராம். ஊரில் எந்தச் சபை என்று கேட்டேன்.

"மேமு எம்.பி. வாள்ளம், அம்மா" என்றார். நாங்கள் எம்.பி.க்காரர்கள். அதாவது மென்னோனைட் பிரெத்ரன்.

அந்தப் பெயருக்கு என் மனதில் இருந்த ஆட்களே வேறு. குதிரை வண்டி, கறுப்பு உடை, வெள்ளைத் தலைத்துணி, கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். எல்லாம் சினிமா தந்தது. கார்லோஸ் ரெய்காதாஸ் மெக்சிகோவில் எடுத்த 'சைலன்ட் லைட்' 2007இல் வந்தது. பொலிவியாவின் மனிடோபா காலனியில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை வைத்து மிரியம் டேவ்ஸ் ஒரு நாவல் எழுதினார். அதிலிருந்து 2022இல் 'விமன் டாக்கிங்' வந்தது. டேவ்ஸ் கனடாவின் மென்னோனைட் ஊரில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் கொடுமை உண்மையில் நடந்தது, சொல்லியே ஆக வேண்டிய கதை. ஆனால் இந்தப் படங்களில் வருகிறவர்கள் பழைய வழக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி வாழும் காலனிக்காரர்கள் மட்டுமே. மென்னோனைட் உலகக் கூட்டமைப்பின் 2015 கணக்கில், இந்த மரபைச் சேர்ந்த சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏறக்குறைய 21 லட்சம் பேர். அமெரிக்கா, எத்தியோப்பியாவுக்கு அடுத்து இந்தியாதான். இங்கே இரண்டரை லட்சத்துக்கு மேல். எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த மரபின் தொடக்கம் 1525இல், சூரிச்சில். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தபின் தானே கேட்டுப் பெற வேண்டும் என்றார்கள் அதைத் தொடங்கியவர்கள். வாள் எடுக்க மறுத்தார்கள். அதற்காக ஆற்றில் அமிழ்த்தப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். நெதர்லாந்துப் பாதிரியார் மென்னோ சைமன்ஸ் 1536இல் கத்தோலிக்க சபையை விட்டு இவர்களோடு சேர்ந்தார். பெயர் அவரால் வந்தது. ஊர் ஊராக விரட்டப்பட்டு, ரஷ்யப் பேரரசில் இன்றைய உக்ரைன் பக்கம் குடியேறினார்கள். அங்கிருந்துதான் ஆபிரகாம் ஃப்ரீசன், மரியா தம்பதி 1889இல் மிஷனரிகளாகக் கிளம்பி நிஜாமின் ராஜ்யத்துக்கு, நல்கொண்டாவுக்கு வந்தார்கள். 1899இல் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் மாதிகா, மாலா என்ற தலித் சாதிகளின் சேரிகளே அவர்களுக்குக் காது கொடுத்தன. ஊர்க் கிணற்றில் கயிறு போட முடியாதவர்களின் திண்ணையில் ஒரு வெளிநாட்டான் வந்து உட்கார்ந்தான் என்பதே அன்று பெரிய செய்தி. காதரினா ஷெல்லன்பெர்க் என்ற பெண் டாக்டர் 1907இல் வந்தவர், 1945இல் ஷம்ஷாபாதில் இறக்கும்வரை வைத்தியம் பார்த்தார்.

அந்தக் கால மிஷன் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். நடுவில் வெள்ளைக்காரர், அடியில் அவர் பெயர். சுற்றி நிற்கிறவர்களுக்கு விதவை, அநாதை, பைபிள் உமன் என்று பொதுப்பெயர்தான். வெயிலில் ஊர் ஊராக நடந்து சபையைக் கட்டியதே அந்தப் பைபிள் உமன்கள்தான் என்பது என் எண்ணம்.

மிஷனரிகள் 1970களுக்குள் ஏறக்குறைய போய்விட்டார்கள். இன்று தெலுங்குப் போதகர்கள், தெலுங்குக் கீர்த்தனைகள். ஷெல்லன்பெர்க் கண்மூடிய ஷம்ஷாபாதில் 2008 முதல் சர்வதேச விமான நிலையம். வேதாகமக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. ஆனால் பொதுப்பெயர் போய்ச் சொந்தப் பெயர் வந்துவிடவில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். தெலங்கானாவில் அப்படி மாறியவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோரின் பி.சி.-சி பிரிவில் ஒரு சதவீதம்தான் இடஒதுக்கீடு. ஆகவே பலருக்குச் சான்றிதழில் ஒரு பெயர், சர்ச்சில் ஒரு பெயர். சாதி மாறவில்லை, கிணறும் உடனே மாறவில்லை, உரிமை மட்டும் மாறியது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை அந்தப் பெண் தன் செல்போனில் ஊர்ப் படங்களைக் காட்டினார். கீறல் விழுந்த கண்ணாடிக்குள் ஒரு சர்ச் வாசல், சுண்ணாம்பு பூசிய சுவர், வெளியே கழற்றிப்போட்ட செருப்புக் குவியல். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு நிற்கும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருவரையும் விரலால் தொட்டுப் பெயர் சொன்னார். அத்தை, நாத்தனார், சர்க்கரை நோயால் கால் எடுத்த பெரியம்மா, நர்சிங் படிக்கும் மகள். ஒரு பெயரும் விடுபடவில்லை.

நான் என் போனில் பொலிவியா காலனிப் பெண்களின் படம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கொட்டகைக் கம்பில் சாய்ந்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலைத்துணி முடிச்சில் கொஞ்ச நேரம் நின்றார். சிமெண்ட் அரித்த விரல்நுனியை முதலில் புடவையில் துடைத்துக்கொண்டுதான் திரையைத் தொட்டார்.

"வீள்ளு கூடா மா வாள்ளேனா?" என்று கேட்டார்.

இவர்களும் எங்கள் ஆட்கள்தானா?

ஆமாம் என்றேன்.