மருந்து படித்த பெண்ணுக்கு வரவு செலவு தெரிய வேண்டாமா?

எங்கள் ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி வந்துவிட்டால் ஊரே விழித்திருக்கும். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வருகிறவர்களில் பாதிப் பேர் செருப்பில்லாமல் நடப்பார்கள். காலில் கொப்புளம், தலைசுற்றல், முழங்கால் வலி என்று நடுராத்திரியிலும் மருந்துக் கடையைத் தேடுவார்கள். அப்படித் தேடி வருகிற கடைகளில் ஒன்று என் மூத்த மகளுடையது. இதை இன்று பெருமையோடு எழுதுகிறேன். ஆனால் கடை வைத்த முதல் வருஷம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால்தான் என்னைப் போன்ற தாய்மார்களுக்குப் பயன்படும்.

என் பெண் டி.பார்ம் படித்தவள். இரண்டு வருஷப் படிப்பு, பிறகு ஆஸ்பத்திரியில் பயிற்சி. முதல் வகுப்பில் தேறினாள். மூன்று வருஷம் இன்னொருவர் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றாள். கைக்கு வந்த சம்பளம் பஸ்ஸுக்கும் துணிமணிக்கும்தான் சரியாக இருந்தது. ஒரு நாள், "அம்மா, எத்தனை நாளைக்கு அடுத்தவங்க கடையிலேயே நிக்கறது? நானே ஒரு கடை வைக்கட்டுமா?" என்றாள். அவள் அப்பா தயங்கினார். நான்தான், "என்னங்க, பொண்ணு படிச்ச படிப்பு வீணாப் போகணுமா?" என்று மல்லுக்கு நின்றேன். அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையில் எட்டுப் பவுனை அடகு வைத்தோம்.

மருந்துக் கடை மளிகைக் கடை மாதிரி நினைத்தவுடன் திறக்கிற விஷயமில்லை. குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். மருந்து கெடாமல் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும். அதன் பிறகுதான் லைசென்ஸ். எல்லாம் முடிந்து 2023-ல் ஒரு நல்ல நாளில் கடையைத் திறந்தாள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்து, மொத்த வியாபாரிக்குப் பணம் கட்ட வேண்டிய அன்று கல்லாவில் காசு இல்லை! கடையை மூடிவிட்டு வந்து, சாப்பிடாமல் அழுதுகொண்டே படுத்துவிட்டாள்.

மறுநாள் தாயும் மகளும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம். பணம் போன வழி மூன்று.

முதலாவது, கடன். "சம்பளம் வந்ததும் தரேம்மா" என்று சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாங்கிப் போன தெருக்காரர்கள். நோயாளியிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, சலுகை விலைக்கு ஆசைப்பட்டு வாங்கிக் குவித்த இருமல் மருந்து. பாதி விற்பதற்குள் காலாவதி தேதி நெருங்கிவிட்டது.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அது நான்! பால்காரருக்கு, காய்கறிக்கு, விருந்தாளி வந்தால் பலகாரத்துக்கு என்று போகிற போக்கில் கல்லாவில் கை வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். "நம்ம கடைதானே" என்ற நினைப்பு. 100 ரூபாய் மருந்து விற்றால் கையில் நிற்பது சுமார் 15, 20 ரூபாய்தான். அதிலும் வாடகை, கரண்ட் போக வேண்டும் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்த ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் அவள் 500 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும்!

"இதெல்லாம் காலேஜில் சொல்லித் தரலையாடி?" என்று கேட்டேன். "சொன்னாங்கம்மா. மருந்துக் கடை நிர்வாகம்னு பாடமே இருக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதினேன்" என்றாள். உண்மைதான். டி.பார்ம் படிப்பின் பழைய பாடத்திட்டத்தில் மருந்துக் கடை, வணிக நிர்வாகம் என்று தனிப் பாடம் இருந்தது. 2020-ல் வந்த புதிய திட்டத்திலும் இரண்டாம் வருஷத்தில் சமுதாய மருந்தகமும் நிர்வாகமும் என்று இருக்கிறது. ஆனால் நீச்சலைப் புத்தகத்தில் படித்துவிட்டுக் கிணற்றில் குதிக்க முடியுமா? மாணவிகளை ஒரு மாதமாவது ஒரு கடையின் பேரேட்டை எழுத வைத்தால், அது பத்துப் பாடத்துக்குச் சமம் என்பது என் அபிப்பிராயம்.

வைத்தியத்தில் போய்க் காசுக் கணக்கா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். என் மாமியாருக்குப் புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கண்புரை ஆபரேஷன் நடந்தபோதுதான் அந்த ஆஸ்பத்திரியின் கதையை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர்! பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பதில் மிஞ்சுவதைக் கொண்டு, முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்ப்பது என்று கணக்குப் போட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் விலை அதிகம் என்பதால், 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை அமைத்து இங்கேயே குறைந்த விலைக்குச் செய்தார்கள். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்துகிறார்கள். ஒரு கண் ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது என்று மற்ற நாட்டவருக்கும் கற்றுத் தர லைகோ என்ற நிறுவனமும் அங்கே இருக்கிறது. கணக்குச் சரியாக இருந்ததால்தானே தர்மமும் நிலைத்தது?

பக்கத்து வேலூரைப் பாருங்கள். 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் திறந்தார். நல்ல மனசோடு நிதி திரட்டும் சாமர்த்தியமும் அவரிடம் இருந்தது.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனால் இருபத்தைந்து வருஷமாக ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்தியவள் ஆயிற்றே! எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொன்னேன், அவளுக்குத் தெரிந்ததை நான் கேட்டுக்கொண்டேன். இன்று கடைப்பிடிப்பது இவைதான்:

* கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு. மாதம் முதல் தேதி அவள் தனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள்வாள். மற்ற நாளில் கல்லாப் பக்கம் யாரும் போகக் கூடாது. முக்கியமாக நான்!

* இரவு கடை மூடுமுன் அன்றைய வரவு, செலவு, கொடுக்க வேண்டிய பாக்கி மூன்றையும் எழுதிவிட வேண்டும். பத்து நிமிஷ வேலை.

* காலாவதி நெருங்கும் மருந்து அலமாரியில் முன்னால், புதிது பின்னால். ரசப்பொடி டப்பாவில் நான் செய்வது இதேதான். மாதம் ஒரு முறை தேதி பார்த்து, விற்காததை நேரத்தோடு மொத்த வியாபாரிக்குத் திருப்பிவிட வேண்டும்.

* பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் பஞ்சு, பிளாஸ்திரி, வலித் தைலம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் அதிகம். ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதுதான் வியாபாரம்.

* கடனுக்கு ஒரு வரம்பு. நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்களுக்கு மாதம் இவ்வளவு என்று லாபத்தில் ஒதுக்கிக் கொடுக்கிறாள். அது தர்மக் கணக்கில் எழுதப்படும், பாக்கிக் கணக்கில் இல்லை.

* டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கிடையாது. "பக்கத்துக் கடையில் தராங்களே" என்றாலும் சரி. விற்கக் கூடாததை விற்காமல் இருப்பதும் தொழில்தான். அதனால்தான் ஜனங்கள் நம்பி வருகிறார்கள்.

கடை வைக்க விரும்பும் பெண்களுக்கு இப்போது உதவிகளும் உண்டு. மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டம் 2008-ல் தொடங்கியது. தமிழக அரசு 2025 பிப்ரவரி 24-ஆம் தேதி 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்றும், தனிநபர் தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் என்றும் அறிவித்தார்கள். நர்ஸ், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் படித்த பெண்களும் சொந்தமாக ஏதாவது தொடங்க நினைத்தால், முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் போய் என்ன கடன், என்ன பயிற்சி கிடைக்கும் என்று விசாரியுங்கள். நாங்கள் விசாரிக்காமல் நேரே அடகுக் கடைக்குப் போனோம். அது எங்கள் தவறு.

எட்டுப் பவுனில் இதுவரை ஐந்து மீண்டிருக்கிறது. போன மாதம் வளையலைக் கொண்டுவந்து என் கையில் போட்டு, "மிச்சம் தீபத்துக்குள்ள வந்துடும்மா, கணக்குப் போட்டுட்டேன்" என்றாள். வளையல் வந்ததைவிட, அவள் கணக்குப் போட்டதுதான் எனக்கு நிம்மதி.

சகோதரிகளே, உங்கள் பெண் வைத்தியம் சம்பந்தமான படிப்பு எதைப் படித்தாலும், மாத பட்ஜெட் நோட்டை இப்போதே அவள் கையில் கொடுங்கள். ஊசி போடக் காலேஜில் கற்றுக்கொள்வாள். வரவுக்குள் செலவு செய்ய நாம்தான் கற்றுத் தர வேண்டும்.