மடிக்கணினியின் வெம்மையும் அதனைத் தணிக்கும் நெறியும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த கண்டி மாநகரில், காற்றின் வெப்பநிலை கொழும்பினும் ஏறத்தாழ 3 பாகை குறைவாகும். எனினும், இந்நகரத்து மாணவனொருவன் தன் மடிக்கணினியில் விளையாட்டொன்றைத் தொடங்கிய சில நிமிடங்களில் விசிறி இரைந்து சுழல்வதையும், விசைப்பலகை கை பொறாத சூடு கொள்வதையும் காணலாம். மலைநாட்டுக் குளிரும் தணிக்கவியலாத இவ்வெம்மை எங்ஙனம் பிறக்கின்றது? அதனைக் குறைக்கும் வழி யாது?

கணினியின் மூளை எனத்தக்கது முறைவழியாக்கி. 1971 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முறைவழியாக்கியில் 2300 திரான்சிற்றர்களே இருந்தன. இன்றோ விரல்நகம் போன்ற சிலிக்கன் வில்லையொன்றில் நூறு கோடிக்கும் மேற்பட்டவை அடங்கியுள்ளன. அவை ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் நுண்ணிய மின்னேற்றம் நிறைந்து வடிகின்றது. அவ்வாறு செலவாகும் சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும்.

இவ்வகையிற் செலவாகும் வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்திற்கும் நேர்விகித சமமாகும். 'வர்க்கம்' என்னும் சொல்லிலேயே மருந்து அடங்கியுள்ளது. 1.2 வோல்ற்றில் 45 வாற்று நுகரும் முறைவழியாக்கியொன்றை 1.1 வோல்ற்றில் அதே வேகத்தில் இயக்கின், நுகர்வு ஏறத்தாழ 38 வாற்றாகக் குறையும். காற்றின் வெப்பநிலை 25 பாகையாகவும் முறைவழியாக்கியினது 85 பாகையாகவும் இருப்பின், இடைப்பட்ட 60 பாகையில் ஏறத்தாழ 10 பாகை இதனால் நீங்கும். மலையேறிப் பெற்ற நன்மை 3 பாகையே. வோல்ற்றளவிற் சிறிது குறைத்துப் பெறும் நன்மை அதனினும் மும்மடங்காகும்.

இங்ஙனமாயின், உற்பத்தியாளரே வோல்ற்றளவைக் குறைத்து வையாமை ஏன் என வினவலாம். வில்லைகள் யாவும் ஒரே தரத்தினவல்ல. அவற்றுள் நலிந்ததும் தவறின்றி இயங்குமாறு சிறிது மிகையாகவே அளவு வகுக்கப்படுகின்றது. ஆதலின், பெரும்பாலானவை அதனிற் குறைந்த அளவிலும் செம்மையாக இயங்கும். மேலும், வெப்பநிலை 100 பாகையை அண்மும்போது முறைவழியாக்கி தன்னைக் காக்கும் பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே வெம்மையைத் தணித்தல் வேகத்தை இழத்தலன்று; பல வேளைகளில் இழந்த வேகத்தை மீட்டலாகும்.

ஆயினும் இந்நெறியில் எச்சரிக்கை வேண்டும். வோல்ற்றளவைச் சிறுசிறு படிகளாகவே குறைத்து, ஒவ்வொரு படியிலும் நெடுநேரம் சோதித்தல் முறை. மிகக் குறைப்பின் கணினி நின்றுவிடும். நின்றுவிடுதல் நன்று, ஏனெனில் பிழை வெளிப்படுகின்றது. நில்லாமற் பிழையாகக் கணித்தலே பெருந்தீங்கு. மாணவன் பல திங்கள் முயன்று தொகுத்த தரவுகள் அவனறியாமலே பழுதுறக் கூடும். 2019 டிசம்பரில், வோல்ற்றளவைத் தாழ்த்திப் பிழைகளை உண்டாக்கி, இன்ரெல் முறைவழியாக்கியின் காவற்பகுதியிலுள்ள இரகசியங்களைக் கவரலாம் என ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். அதன்பின் பல மடிக்கணினிகளில் இவ்வசதி பூட்டப்பட்டது.

பூட்டப்பட்டவற்றிற்கும் வழியுண்டு. உச்ச மீடிறனை மட்டுப்படுத்தின், வோல்ற்றளவும் அதனோடு தாழும். இரண்டும் பத்திலொரு பங்கு குறையுமாயின் வலு 27 வீதம் குறையும். விண்டோஸின் மின்வலு அமைப்பில் முறைவழியாக்கியின் உச்சநிலையை 99 வீதமாக்கின், பல கணினிகளில் மிகைவேகம் நின்றுவிடும். விளையாட்டில் செக்கனுக்குத் தோன்றும் படங்களின் எண்ணிக்கையை 60 ஆக வரையறுத்தலும், விசிறியிற் படிந்த தூசியை நீக்குதலும் எளிய வழிகளாம்.

இது விளையாடுவோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. கண்டிக்கு அணித்தே 1985 இல் திறக்கப்பட்ட விக்ரோறியா நிலையம் 210 மெகாவாற்று ஆற்றலுடையது. எனினும் மகாவலி நீரின்றி அது சுழலாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, மின்கலத்தில் எஞ்சிய சக்தியைக்கொண்டே மாணவர் பலர் பாடம் கற்றனர். வலு குறைந்தால் அதே மின்கலம் நெடுநேரம் நிற்கும்.

வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். கருவியின் வலியறிந்து, வேண்டுமளவே அதனை ஏவுதலும் அவ்வறிவின்பாற்பட்டதேயாம்.