சாமுராயின் முதல் ஆயுதம் வாள் இல்லை!

'சாமுராய்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? இடுப்பில் செருகிய நீளமான, வளைந்த வாள்தானே! கார்ட்டூனிலும் கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானில் போய், 'சிறந்த வீரன் யார்?' என்று கேட்டிருந்தால், 'ஓடும் குதிரையில் இருந்தபடியே குறி தவறாமல் அம்பு விடுகிறவன்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆமாம், சாமுராய்களின் முதல் ஆயுதம் வில்!

இன்னொரு வேடிக்கை. 'சாமுராய்' என்ற சொல்லுக்கு முதலில் 'வீரன்' என்ற பொருளே கிடையாது. 'அருகில் இருந்து பணிவிடை செய்வது' என்ற பொருள் தரும் பழைய ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது அது. பிரபுக்களின் வாசலில் காத்து நின்றவர்களுக்கு வைத்த பெயர்.

அந்தக் காலத்தில் ஜப்பான் அரசாங்கம் விவசாயிகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்து வந்தது. நாற்று நடும் கையில் திடீரென்று வில்லைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? படை சரியாக அமையவில்லை. எனவே 792ஆம் ஆண்டு பெரும்பாலான மாகாணங்களில் இந்த முறையைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு நிலமும் குதிரையும் வைத்திருந்த கிராமப்புறக் குடும்பங்களை அரசாங்கம் நம்ப வேண்டியதாயிற்று. அந்த வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே குதிரை ஏறவும் வில் பிடிக்கவும் பழகியவர்கள். கலகம் என்றால் கூப்பிடுவார்கள். அடக்கினால் பதவியும் பரிசும் தருவார்கள்.

இப்படி வளர்ந்த இரண்டு பெரிய குடும்பங்கள் தாய்ரா, மினாமோட்டோ. 1180 முதல் 1185 வரை இரண்டும் கடுமையாகப் போரிட்டன. மினாமோட்டோ வென்றது. அதன் தலைவர் யோரிட்டோமோ 1192இல் 'ஷோகன்' பட்டம் பெற்றார். சக்கரவர்த்தி கியோட்டோ நகரில் பெயருக்கு இருக்க, அதிகாரம் யோரிட்டோமோ இருந்த காமகுரா என்ற ஊருக்குப் போய்விட்டது. வாசலில் நின்றவர்கள் வீட்டுக்கே எஜமானர் ஆகிவிட்டார்கள், பார்த்தீர்களா?

சரி, வில்லுக்கு வருவோம். மூங்கிலையும் மரத்தையும் சேர்த்து ஒட்டிச் செய்த அந்த வில்லின் உயரம் 2 மீட்டருக்கும் மேல்! ஆளைவிட உயரம். அதைப் பிடிப்பது நடுவில் அல்ல. கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். முக்காலியின் இரு பக்கமும் கால் போட்டு, குதிரையில் இருப்பதுபோல் உட்காருங்கள். ஒட்டடைக் கம்பை நடுவில் பிடித்து, இடப்பக்கமிருந்து வலப்பக்கம் கொண்டுபோங்கள். கீழ் நுனி முக்காலியில் இடிக்கிறதா? இப்போது கீழே தள்ளிப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். (மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்!)

வில்லுக்கு இரண்டு கையும் வேண்டுமே, கேடயத்தை எந்தக் கையில் பிடிப்பது? அதனால் கவசத்திலேயே கேடயத்தை வைத்துவிட்டார்கள். இரு தோள்களிலும் தொங்கிய பெரிய சதுரத் தகடுகள்தான் கேடயம். கவசம் முழுவதும் சின்னச் சின்ன இரும்பு, தோல் துண்டுகள். அரக்கு பூசி, பட்டுக் கயிற்றால் கோர்த்தவை. எடை 25 கிலோவுக்கும் மேல் இருக்கும். ஓர் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு குதிரை ஏறுவதுபோல!

அப்படியானால் வாள்? அதுவும் இருந்தது. அம்பு தீர்ந்து, நெருங்கி மோதும்போது உருவுவார்கள். ஆனால் அதைச் செய்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. ஆற்றிலும் மலையிலும் கிடைக்கும் இரும்பு மணலைக் கரியோடு சேர்த்து, களிமண் உலையில் மூன்று நாள் எரித்து எஃகு எடுப்பார்கள். அதைக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடிப்பார்கள். அழுக்கு நீங்கி எஃகு சீராகும். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாகும். பத்து முறை மடித்தால் எத்தனை அடுக்கு? நோட்டில் கணக்குப் போடுங்கள்... 1,024 வருகிறதா? சபாஷ்!

கடைசியில் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும், கூர்ப்பக்கம் மெல்லியதாகவும் பூசி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். கூர்ப்பக்கம் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்வதால் எளிதில் உடையாது. அந்த நொடியில்தான் வாள் நன்றாக வளைகிறது. சில வாள்கள் விரிசல் விட்டுவிடும். அத்தனை நாள் உழைப்பும் வீண்!

1543இல் தானேகாஷிமா என்ற தீவுக்குப் போர்ச்சுகீசிய வியாபாரிகள் துப்பாக்கி கொண்டுவந்தார்கள். ஜப்பானியக் கொல்லர்கள் அதைப் பார்த்து விரைவிலேயே தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். வில் பழக ஆண்டுக்கணக்கில் ஆகும். துப்பாக்கியைச் சாதாரணக் காலாள் சில வாரங்களில் கற்றுக்கொள்வான். 1575இல் நாகஷினோ போரில் ஓடா நொபுநாகாவின் துப்பாக்கி வீரர்கள் மர வேலிக்குப் பின்னால் நின்று சுட்டார்கள். பெயர் பெற்ற தாகேடா குதிரைப்படை தோற்றுப்போனது.

1588இல் ஹிதேயோஷி என்ற தலைவர் விவசாயிகளிடமிருந்த வாள், ஈட்டி எல்லாவற்றையும் பறிமுதல் செய்தார். 1603இல் டோகுகாவா ஷோகன்களின் ஆட்சி தொடங்கியது. பின்னர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பெரிய போரே இல்லை! போர் இல்லாத வீரனுக்கு என்ன வேலை? சாமுராய்கள் கணக்கு எழுதினார்கள், அலுவலகம் பார்த்தார்கள். சம்பளம் அரிசிக் கணக்கில். அது போதாமல் வீட்டில் குடை செய்து விற்றவர்களும் உண்டு. ஆனால் வெளியே போகும்போது பெரியதும் சிறியதுமாக இரண்டு வாள்கள் இடுப்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்து அணியும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். போரில் துணை ஆயுதமாக இருந்த வாள், போர் நின்ற பிறகுதான் சாமுராயின் அடையாளமாகப் பெரிய புகழ் பெற்றது! நாம் கார்ட்டூனில் பார்ப்பது இந்தச் சாமுராயைத்தான்.

1868இல் ஷோகன் ஆட்சி முடிந்தது. 1873இல் விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் படையில் சேர வேண்டும் என்ற சட்டம் வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கைவிட்ட அதே முறை! 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை போட்டார்கள். மறு ஆண்டே சைகோ தகமோரி தலைமையில் சாமுராய்கள் கலகம் செய்தார்கள். அவர்களைத் தோற்கடித்த அரசுப் படையில் விவசாயிகளின் பிள்ளைகள் ஏராளம்.

அந்தப் பழைய வில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? காமகுராவில் ஹச்சிமான் கோயில் இருக்கிறது. அங்கே 1187இல் யோரிட்டோமோ நடத்திய குதிரை வில் விழா இன்றும் நடக்கிறது. பழங்கால உடையில் வரும் வீரர் கடிவாளத்தை விட்டுவிட்டு, பாயும் குதிரையில் இருந்தபடி வரிசையாக மூன்று மரப்பலகைகளைக் குறிவைப்பார். ஒன்றை அடித்ததும் முதுகுப் பக்கமிருந்து அடுத்த அம்பை உருவி, பூட்டி, இழுக்க அவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். பலகை 'படார்' என்று பிளந்தால் கூட்டம் ஆரவாரம் செய்யும்!