வேப்பிலையும் வெள்ளியும் கிருமியை வெல்லுமா?

பழங்காநத்தத்தில் பிள்ளைக்கு அம்மை கண்டு இறங்கினால், வேப்பிலை போட்ட தண்ணீரில்தான் குளிப்பாட்டுகிறோம். அதே வேப்பிலையைக் கொண்டு வெள்ளி நானோ துகள் செய்து கிருமியைக் கொல்லலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 'நானோ வெள்ளித் தண்ணீர் குடியுங்கள், ஆன்டிபயாடிக் வேண்டாம்' என்ற விளம்பரங்களும் கூடவே வருகின்றன. இதில் உண்மை எது, வியாபாரம் எது?

ஆய்வு உண்மைதான். புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், வேப்பிலைச் சாற்றால் வெள்ளி, தங்க நானோ துகள்களைச் செய்து 2004இல் வெளியிட்டார்கள். இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்க்கிறார்கள். இலையிலுள்ள பொருட்கள் கரைந்திருக்கும் வெள்ளியைத் துகளாக மாற்றுகின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அவற்றைப் போர்த்தியும் விடுகின்றன. சில மணி நேரத்தில் கரைசல் பழுப்பு நிறமாகும். இதற்குக் கடுமையான இரசாயனங்கள் தேவையில்லை. நானோ துகள் என்றால் 100 நானோமீட்டருக்கும் சிறியது. நம் தலைமுடியின் தடிமனோ சுமார் 80,000 நானோமீட்டர்.

இத்துகள்களிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து, உள்ளே புரதங்களின் வேலையையும் முடக்குகின்றன. தீக்காயத்துக்கு மருத்துவர்கள் தரும் வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பும் வெள்ளியின் இந்தக் குணத்தைப் பயன்படுத்துவதுதான்.

ஆனால், ஆய்வகத் தட்டில் கிருமி சாவது வேறு, மனித உடலில் நோய் தீர்வது வேறு. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் இலைச் சாறு மாறும். துகளின் அளவும் மாறும். வெள்ளியைத் தொடர்ந்து குடித்தால் அது உடலில் தங்கி, தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகிவிடலாம். வெள்ளி கலந்த இத்தகைய திரவ மருந்துகளைப் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என அமெரிக்க மருந்து நிர்வாகம் 1999லேயே அறிவித்துவிட்டது. வெள்ளியையும் தாங்கும் பாக்டீரியாக்கள் உண்டு. 1975லேயே அமெரிக்காவில் ஒரு தீக்காயப் பிரிவில் அவை கண்டறியப்பட்டன.

அப்படியானால் இந்த ஆய்வுகள் எதற்கு? இருக்கும் மருந்துகள் தோற்று வருகின்றன என்பதற்காகத்தான். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக, உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இந்த ஆபத்தை உணர்ந்துதான் டாக்டர் அப்துல் கஃபூர் போன்றோரின் முயற்சியில் 2012இல் 'சென்னை பிரகடனம்' உருவானது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 2014 மார்ச் முதல் 'எச்1' பட்டியலிலுள்ள மருந்துகளின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம்.

வேப்பிலைத் துகள் ஒருநாள் மருந்தாகலாம், இன்ஷா அல்லாஹ். அதுவரை நம் கையில் இருப்பது இதுதான்: சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் நாமாக ஆன்டிபயாடிக் கேட்காமல் இருப்போம். மருத்துவர் தந்ததைப் பாதியில் நிறுத்தாமல், மிச்சம் வைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்போம். வெள்ளித் தண்ணீர் விற்பவரிடம் காசையும் உடம்பையும் இழக்காமல் இருப்போம்.