குமரியான பாட்டி

கொரிய தேசத்துச் சினிமா என்றாலே நமக்கு ஓர் அச்சம் உண்டு. 2021-ம் வருஷத்தில் உலகத்தைக் கலக்கிய 'ஸ்க்விட் கேம்' தொடரில் இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு, இரண்டு இரவு தூக்கமின்றிப் புரண்டவர்கள் நாம். குழந்தைகளின் விளையாட்டில் தோற்றவர்களைச் சுட்டுத் தள்ளுவதில் என்ன ரஸமோ, தெரியவில்லை! ஆகவே, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பழகும் நம் புதல்வன் சென்ற ஞாயிறு மாலை ஒரு கொரியப் படத்தைப் போட முனைந்தபோது, நாம் மெள்ள எழுந்துவிட்டோம்.

"சிரிப்புப் படம், அப்பா. பாட்டியும் பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

நமது பாகலூர் கன்னட நாட்டின் எல்லையை ஒட்டிய ஊர். தமிழில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தெலுங்கில் சண்டை போடுவது இவ்வூர்க் கடைத்தெருவின் வழக்கம். நம் தாயாருக்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. நாலாவது பாஷைக்கு என்ன செய்வார் என்று எண்ணினோம். பேரன் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழில் சொல்வதாக ஏற்பாடு ஆயிற்று.

படத்தின் பெயர் 'மிஸ் கிரான்னி'. 2014-ல் வெளிவந்தது. ஓ மால்-ஸுன் என்னும் 74 வயதுக் கிழவி. இளமையில் கணவனை இழந்து, ஒற்றை மகனை வளர்த்து, அவனைப் பேராசிரியனாக்கியவள். அவன் ஆராய்வது முதியோரைப் பற்றிய சாஸ்திரம்! கிழவியின் நாக்கோ தேள் கொடுக்கு. அந்த நாக்கைத் தாங்க மாட்டாமல் மருமகள் நோயில் விழுகிறாள். பாட்டியை முதியோர் விடுதிக்கு அனுப்பலாமா என்று குடும்பம் யோசிக்கிறது. அதை அறிந்து மனம் நொந்த கிழவி, தெருவில் கண்ட போட்டோக் கடை ஒன்றில், இறுதிச் சடங்குக்கு ஆகட்டும் என்று படம் எடுத்துக்கொள்கிறாள். வெளியே வந்தால், இருபது வயதுக் குமரி!

அப்புறம் சிரிப்புக்குக் கேட்பானேன்? முகம் குமரியினுடையது, நடையும் வசவும் உபதேசமும் கிழவியினுடையவை. கிழவியாக நா மூன்-ஹீயும், குமரியாக ஷிம் உன்-கியுங்கும் நடித்திருக்கிறார்கள். இளைய நடிகை இடுப்பில் கையூன்றி ஏசும்போது, மூத்தவரே உள்ளே ஒளிந்திருக்கிறாரோ என்று தோன்றுகிறது. காதல் கட்டங்களைச் சற்றுக் குறைத்திருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். கொரியாவில் மட்டும் 86 லட்சத்துக்கு மேற்பட்டோர் கொட்டகைக்குச் சென்று பார்த்த படம் இது. சீனம், வியட்நாம், ஜப்பான் முதலிய தேசங்கள் இக்கதையைத் தத்தம் பாஷையில் எடுத்துக்கொண்டன.

கடைசியில் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது வேறு ஒன்று. இதன் டைரக்டர் ஹ்வாங் டாங்-ஹியுக். நம் தூக்கத்தைக் கெடுத்த அந்தத் தொடரை ஆக்கியவரும் அவரே! ஒரே கை இரண்டையும் சமைத்திருக்கிறது. இரண்டு பகுதிகளைப் பார்த்துவிட்டு ஒரு தேசத்தின் கலைக்கே தீர்ப்பு எழுதிய நம் அவசரத்தை எண்ணி நாணினோம்.

பாதிப் படத்துக்குமேல் பேரன் சொல்லாமலே தாயார் சிரித்தார். "ஒம்மா" என்று யாரோ அழைக்க, "அம்மா என்கிறானே, தமிழனா?" என்று வியந்தார். கொரிய பாஷையில் தாயை 'ஒம்மா' என்றும் தகப்பனை 'அப்பா' என்றுமே அழைக்கிறார்கள். இதைக் கொண்டு உறவு கொண்டாடுவோர் உண்டு. மொழிநூலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் மழலைக்கு எல்லை ஏது?

முடிவில் மகன் தாயிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறான். அதைச் சொல்லி நேயர்களின் ரஸத்தைக் கெடுக்க மாட்டோம். அந்தக் கட்டத்தில் நம் பையன் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டான். தாயார் விளக்கம் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாமோ அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. காரணத்தை மறைப்பானேன்? நாமும் இல்லத்தரசியும் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் தாயார் தனி. இவ்வருஷம் சமையலறையில் இரு முறை விழுந்துவிட்டார். ஒரு முதியோர் இல்லத்தின் விவரத் தாள் நம் மேஜை அறைக்குள் ஒரு மாதமாக இருக்கிறது. கணவனும் மனைவியும் இரவில் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசியதுண்டு. சம்பந்தப்பட்டவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மறுநாள் காலை, காபியை எடுத்துச் சென்று, "உனக்கு இருபது வயது திரும்பினால் என்ன செய்வாய், அம்மா?" என்று கேட்டோம்.

"பள்ளிக்கூடம் போவேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களே!" என்றார், யோசிக்காமலே.

இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு இந்தச் செய்தி அன்றுதான் தெரிந்தது.

விவரத் தாள் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. வீட்டின் சங்கடமும் தீர்ந்தபாடில்லை. ஆனால் இனி அப்பேச்சு கூடத்தில், தாயாரை நடுவில் வைத்துக்கொண்டுதான் நடக்கும். இதற்கிடையில், இக்கதையையே 2019-ல் நந்தினி ரெட்டி 'ஓ பேபி' என்று தெலுங்கில் எடுத்திருப்பதாகவும், அதில் பாட்டியாக நடித்தவர் நம் லக்ஷ்மி என்றும் பையன் சொன்னான். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அது நிச்சயமாகிவிட்டது. இம்முறை மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லை. தாயாரே நமக்கு அர்த்தம் சொல்வார்.