வேரிலிருந்து விளிம்புவரை

கரீபியன் கடலில், குராசோ தீவின் தென்கரையில் ‘ஸ்பானிஷ் வாட்டர்’ என்றொரு குடா இருக்கிறது. வாய் குறுகலானது, உள்ளே அகன்று கிளைபிரிந்து கிடக்கும். கரையோரம் அலையாத்தி மரங்கள், அவற்றைத் தாண்டினால் கடற்புல் வெளி. பகலில் அந்த மரங்களின் முட்டுவேர்களுக்கு நடுவே, மஞ்சள் துடுப்பும் உடலில் வெளிர்பட்டைகளும் கொண்ட விரல்நீள மீன்கள் கூட்டமாக நிற்கும். ‘ஸ்கூல்மாஸ்டர்’ எனப்படும் ஸ்னாப்பரின் குஞ்சுகள் இவை. நம் சந்தையில் செப்பிலி என்று வாங்குகிறோமே, அந்தக் குடும்பம்தான்.

இருட்டியதும் சிறு நண்டும் இறாலும் தேடி வெளியே கிளம்புகின்றன. பெரிய மீன்கள் நுழைய முடியாத வேரிடுக்கு குஞ்சுகளைத்தான் காக்கும். வளர்ந்தவை குடாவை விட்டுப் பவளப்பாறைக்குக் குடிபெயர்கின்றன.

இந்தப் பயணத்துக்குச் சாட்சி மீனின் தலைக்குள்ளேயே இருக்கிறது. செவிக்கல் என்னும் சுண்ணாம்புக் கல், மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கடுக்காக வளர்கிறது. ஒருமுறை படிந்தது அழிவதில்லை. கடற்புல் வெளியின் இரையில் கார்பன்-13 சற்றுக் கூடுதல். அங்கே வளர்ந்த மீனின் உள்ளடுக்குகளில் அது பதிந்துவிடுகிறது. குடாவுக்கு வெளியே, பாறையில் பிடித்த, அதே குடும்பத்து மஞ்சள்வால் ஸ்னாப்பர்களின் செவிக்கற்களை ஆராய்ந்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடாவில் வளர்ந்தவை என்று தெரிந்தது. அலையாத்தி செழித்த கரைகளை ஒட்டிய பாறைகளில், விலைபோகும் மீன் இனங்கள் பலவற்றின் மொத்த எடை இருமடங்குக்கும் அதிகம் என்று ஆய்வாளர் பீட்டர் மம்பி குழுவினர் 2004இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

பாறையோடும் பயணம் முடிவதில்லை. பெலிஸ் நாட்டின் பவளத்தொடர் விளிம்பில், சில்க் தீவுத்திட்டுகளுக்கு அருகே கிளாடன் ஸ்பிட் என்றோர் இடம் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை, பௌர்ணமியை ஒட்டிய மாலைகளில், ஆள் நீளத்துக்கு வளரக்கூடிய குபேரா ஸ்னாப்பர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் திரள்கின்றன. பொழுது சாயும்போது கூட்டமாக மேலெழுந்து முட்டையும் விந்தும் விட, கடல்நீரே வெளுத்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய அந்த முட்டைகளைத் தின்ன, உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா வாயைத் திறந்துகொண்டு வருகிறது! தப்பியவை பொரித்து, வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, ஏதாவதொரு கரையைச் சேர்கின்றன.

எந்த இடத்தில், எந்த நிலவில் மீன் கூடும் என்பது மீனவர்களுக்கும் தெரியும். ஒரு வட்டாரத்து மீனெல்லாம் ஒரே இடத்தில் திரளும்போது அள்ளினால் இனமே சரிந்துவிடும். செயிண்ட் குரோய் தீவருகே மட்டன் ஸ்னாப்பர் முட்டையிடும் இடத்தில், 1993 முதல் ஆண்டுதோறும் மார்ச்சிலிருந்து ஜூன் வரை மீன்பிடிக்கத் தடை. சரியான முடிவு. அதே கண்டிப்பு குடாக்கரைக்கும் வேண்டும். படகுத்துறைக்கும் விடுதிக்கும் அலையாத்தியை வெட்டிவிட்டுப் பாறையை மட்டும் காப்பது போதாது.